இரண்டு தவளை இதயம், ஒரு கனவு: அடிக்கடி மயங்கி விழுபவர்களுக்கான நவீன சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஓட்டோ லோவி யார்?

மீட்டிங்கில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே வியர்க்கிறது, கண் இருட்டுகிறது, அடுத்த நொடி தரையில் கிடக்கிறார் ஒருவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் இ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல், தலை ஸ்கேனும் நார்மல். ரெண்டு மாசம் கழித்து மறுபடியும் அதே கதை. இப்படி அடிக்கடி மயங்கி விழுபவர்களில் சிலருக்கு இன்று ஒரு புதிய சிகிச்சை செய்யப்படுகிறது. பெயர், கார்டியோ நியூரோ அப்லேஷன். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, அங்கே உள்ள நரம்பு முடிச்சுகளுக்குச் சூடு வைத்துச் செயலிழக்கச் செய்வதுதான் இந்த முறை.

இதயத்தில் கோளாறே இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் இதயத்தில் சூடு வைக்கணும்? நரம்பைச் சுட்டால் மயக்கம் எப்படி நிற்கும்?

இந்தக் கேள்விக்கான பதில், சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்த ஒரு தவளைப் பரிசோதனையில் இருக்கிறது. அதைச் செய்தவர் ஓட்டோ லோவி. நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசுப் பணத்தைக் கொடுத்து உயிர் தப்பியவரும்கூட.

முதலில், மயக்கம் எப்படி வருகிறது?

ரத்தத்தைப் பார்த்தால், ஊசி போட்டால், வெயிலில் ரொம்ப நேரம் நின்றால் சிலர் மயங்கி விழுவது நாம் பார்க்காததல்ல. இந்த வகை மயக்கத்துக்கு வேசோவேகல் சிங்கப்பி என்று பெயர். இங்கே பிரச்சினை இதயத் தசையில் இல்லை. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் தவறிப் போகிறது.

மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு வரை போகும் நீளமான நரம்பு ஒன்று உண்டு. அதுதான் வேகஸ். இதயத்தைப் பொறுத்தவரை இது பிரேக் மாதிரி. ஓய்வில் இருக்கும்போது துடிப்பைக் குறைத்து வைப்பது இதன் வேலை. வேசோவேகல் மயக்கத்தில் இந்த பிரேக் திடீரென்று அழுத்தமாக விழுகிறது. அதே நேரத்தில் ரத்தக்குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்க, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்கிறார். சிலருக்கு இதயம் சில நொடிகள் துடிக்காமலே நின்றுவிடும்.

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பது 1845லேயே தெரியும். ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். தெரியாமல் இருந்தது ஒன்றுதான். நரம்பின் நுனி வரை வந்த கட்டளை இதயத்துக்கு எப்படிக் கைமாறுகிறது? மின்சாரமாகவே பாய்கிறதா, இல்லை வேறு வழியா? பெரும்பாலானவர்கள் மின்சாரம் என்றே நம்பினார்கள்.

ஓவியம் பிடித்த மாணவர்

ஓட்டோ லோவி பிறந்தது 1873 ஜூன் 3, ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில். அப்பா ஒயின் வியாபாரி. யூதக் குடும்பம். பையனுக்குக் கலை வரலாறு படிக்கணும்னு ஆசை. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் படி என்றார்கள். 1891இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது.

சேர்ந்தது மருத்துவம் என்றாலும், மனசு என்னவோ கலை, தத்துவ வகுப்புகளில்தான் இருந்தது. விளைவு, முதல் மருத்துவத் தேர்வில் மயிரிழையில்தான் பாஸ் ஆனார். பிறகு சுதாரித்துக்கொண்டு 1896இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அங்கே காசநோய், நிமோனியா நோயாளிகள் வரிசையாக இறந்துபோவதைப் பார்த்தார். கொடுக்க மருந்தே இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர டாக்டர் செய்ய எதுவும் இல்லை. நோயாளிகளைக் கவனிக்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்த லோவி, மருந்துகள் உடலுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சிப் பக்கம் போனார். 1898இல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஹோர்ஸ்ட் மேயர் என்ற பேராசிரியரிடம் உதவியாளர் ஆனார்.

1902இல் இங்கிலாந்துக்குப் போய் அங்கிருந்த ஆய்வுக்கூடங்களில் சில மாதங்கள் கழித்தார். அங்கேதான் ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளர் அறிமுகமானார். அந்த நட்பு கடைசி வரை நீடித்தது. 34 வருஷம் கழித்து ரெண்டு பேரும் ஒரே மேடையில் நிற்கப் போகிறார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மறந்துபோன ஐடியா

1903இல், ஒரு நண்பருடன் பேசிக்கொண்டிருந்தபோது லோவிக்கு ஒரு யோசனை வந்தது. சில மருந்துகளைக் கொடுத்தால், நரம்பைத் தூண்டியது போலவே உடல் உறுப்புகள் நடந்துகொள்கின்றன. அப்படியானால், நரம்பின் நுனியிலேயே அது மாதிரியான ஒரு ரசாயனம் சுரக்கிறதோ?

நல்ல யோசனைதான். ஆனால் எப்படி நிரூபிப்பது என்று அவருக்குப் புலப்படவில்லை. அதனால் விட்டுவிட்டார். கிட்டத்தட்ட மறந்தே போனார்.

நடுவில் வாழ்க்கை ஓடியது. 1905இல் வியன்னா, 1908இல் கிடா கோல்ட்ஷ்மீட்டுடன் திருமணம், 1909இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் பதவி. மூன்று மகன்கள், ஒரு மகள். முதல் உலகப் போர் வந்தது, போனது.

ரெண்டு ராத்திரி கனவு

லோவி நினைவுகூர்ந்தபடி, அது 1920ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய இரவு. திடீரென்று விழித்தவர், விளக்கைப் போட்டு, ஒரு சின்னத் தாளில் எதையோ கிறுக்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டார். காலை 6 மணிக்கு, ராத்திரி ஏதோ முக்கியமாக எழுதினோமே என்று தாளை எடுத்துப் பார்த்தால், அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை! அன்றைக்கு முழுக்க யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் ராத்திரி 3 மணிக்கு அதே யோசனை மறுபடியும் வந்தது. இந்த முறை எழுதி வைக்கிற வேலையே இல்லை. எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். 17 வருஷத்துக்கு முன் விட்டுவந்த கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் வழிதான் கனவில் வந்திருந்தது.

என்ன செய்தார்?

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். தவளை இதயம் உடலைவிட்டு எடுத்த பிறகும், உப்புக் கரைசல் இருந்தால் கொஞ்ச நேரம் தானாகவே துடிக்கும். முதல் இதயத்தில் வேகஸ் நரம்பை ஒட்டியபடியே விட்டார். இரண்டாவது இதயத்தில் நரம்பு கிடையாது. இரண்டிலும் ரிங்கர் கரைசல் எனும் உப்புநீரை நிரப்பினார்.

முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைச் சில நிமிடங்கள் மின்சாரத்தால் தூண்டினார். எதிர்பார்த்தபடியே துடிப்பு குறைந்தது. அந்த இதயத்துக்குள் இருந்த உப்புநீரை உறிஞ்சி, இரண்டாவது இதயத்துக்குள் விட்டார்.

நரம்பே இல்லாத இரண்டாவது இதயமும் மெதுவானது.

அவ்வளவுதான் பரிசோதனை. ரெண்டு இதயத்துக்கும் நடுவில் மின்சாரம் போக வழியே இல்லை. போனது வெறும் திரவம். அப்படியானால் பிரேக் போடும் கட்டளை அந்தத் திரவத்தில்தான் கரைந்திருக்கணும். துடிப்பைக் கூட்டும் நரம்பைத் தூண்டி இதையே செய்தபோது, இரண்டாவது இதயம் வேகமெடுத்தது. 1921இல் ஆய்வு அச்சானது. அந்த ரசாயனத்துக்கு லோவி வைத்த பெயர் வேகஸ்டாஃப். வேகஸ் நரம்பின் பொருள் என்று அர்த்தம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பகலில் நிதானமாக யோசித்திருந்தால் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கவே மாட்டேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் லோவி பதிவு செய்திருக்கிறார். நரம்பு அப்படி ஒரு ரசாயனத்தைச் சுரந்தாலும், பக்கத்தில் உள்ள தசைக்குப் போதுமான அளவு மட்டுமே சுரக்கும். மிச்சம் வழிந்து உப்புநீரில் கலக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் அந்தச் சந்தேகம் தோன்றாமல் போனது அறிவியலின் அதிர்ஷ்டம்.

நம்பாதவர்கள், 18 தடவை நிரூபணம்

எல்லோரும் உடனே கை தட்டிவிடவில்லை. வேறு ஆய்வுக்கூடங்களில் செய்து பார்த்த சிலருக்கு முடிவு சரியாக வரவில்லை. காரணம் பிறகுதான் தெளிவானது. இந்த ரசாயனம் சுரந்த கணத்திலேயே உடலில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. கொஞ்சம் தாமதித்தாலும் கையில் எதுவும் மிஞ்சாது.

1926இல் ஸ்டாக்ஹோமில் உடலியங்கியல் உலக மாநாடு. அங்கே எல்லோர் முன்னாலும் பரிசோதனையைச் செய்து காட்ட லோவி அழைக்கப்பட்டார். ஒரே இதயத்தில் 18 தடவை செய்து காட்டினார். 18 தடவையும் வேலை செய்தது.

அந்த ரசாயனம் எது? அசிட்டைல்கோலின் என்று படிப்படியாக உறுதியானது. அதில் நண்பர் ஹென்றி டேலின் ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு லோவி, டேல் இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

லோவியின் இன்னொரு கண்டுபிடிப்பையும் இங்கே குறித்துக்கொள்ளணும். அட்ரோபின் என்ற மருந்து கொடுத்தால் வேகஸ் நரம்பின் பிரேக் வேலை செய்யாது என்பது முன்பே தெரியும். ஏன் என்று காட்டியவர் லோவி. அட்ரோபின் கொடுத்தாலும் நரம்பு ரசாயனத்தைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. அது இதயத்தில் போய் வேலை செய்வதைத்தான் அட்ரோபின் தடுக்கிறது. இந்த விஷயம் கீழே மறுபடியும் வரும்.

ஜெயிலிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு

1938 மார்ச். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அன்று ராத்திரியே, அதிகாலை 3 மணிக்கு, ஆயுதம் ஏந்திய நாஜி இளைஞர்கள் லோவியின் படுக்கையறைக்குள் புகுந்தார்கள். அவரையும் இளைய மகன்கள் இருவரையும் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். லோவிக்கு வயது 64. செய்த குற்றம், யூதராகப் பிறந்தது.

விடிந்தால் கொன்றுவிடுவார்கள் என்றே அவர் நினைத்தார். அப்போது அவரை அரித்த கவலை, அண்மையில் முடித்த ஆய்வு இன்னும் அச்சாகவில்லையே என்பதுதான். காவலரிடம் கேட்டு ஒரு போஸ்ட்கார்டும் பேனாவும் வாங்கினார். ஆய்வின் முடிவைச் சுருக்கமாக எழுதி, ஒரு ஜெர்மன் அறிவியல் இதழுக்கு அனுப்பச் சொன்னார். கார்டு போன பிறகுதான் மனசு லேசானது.

இரண்டு மாதம் கழித்து விடுதலை. ஆனால் நாட்டை விட்டுப் போக ஒரு நிபந்தனை. ஸ்வீடன் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை, நாஜிக்கள் கட்டுப்பாட்டில் இருந்த வங்கிக்கு மாற்றித் தரணும். எழுதிக் கொடுத்தார். 1938 செப்டம்பர் இறுதியில் வெறுங்கையோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி கிடாவை நாஜிக்கள் விடவில்லை. இத்தாலியில் அவர் பெயரில் இருந்த சொத்துக்காக அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் மறுபடியும் ஒன்று சேர்ந்தது 1941இல், அமெரிக்காவில்.

பிரஸ்ஸல்ஸ், ஆக்ஸ்போர்டு என்று அலைந்த லோவி, 1940இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே ஒரு வேடிக்கை. கூட வந்த மருத்துவச் சான்றிதழை எட்டிப் பார்த்தால், வயோதிகத்தால் தளர்ந்தவர், சம்பாதிக்க இயலாதவர் என்ற குறிப்பு அதில் இருந்தது. நல்லவேளை, குடியேற்ற அதிகாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தளர்ந்த மனிதர் அதன் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்தார். 1946இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1961 டிசம்பர் 25 அன்று, 88ஆவது வயதில் நியூயார்க்கில் காலமானார்.

சரி, கதீட்டர் சிகிச்சைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

வேகஸ் நரம்பு கழுத்திலிருந்து வந்து நேராக இதயத் தசையில் முடிவதில்லை. நடுவில் ஒரு கைமாற்றம் இருக்கிறது. இதயத்தின் மேல் அறைகளை ஒட்டிய கொழுப்புத் திட்டுகளில் குட்டிக் குட்டி நரம்பு முடிச்சுகள் உள்ளன. வேகஸ் கொண்டுவரும் கட்டளையை இந்த முடிச்சுகளில் உள்ள செல்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. அவைதான் கடைசியில் இதயத்தின் மேல் அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. லோவி உப்புநீரில் பிடித்த அதே ரசாயனம்.

அப்படியானால், பிரேக் வேலை செய்யாமல் இருக்க மூன்று வழி. ஒன்று, அட்ரோபின் மாதிரி மருந்தால் ரசாயனத்தைத் தடுப்பது. ஆனால் அதன் பலன் சில மணி நேரம்தான். தினமும் எடுத்தால் வாய் வறட்சி, பார்வை மங்கல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று தொல்லைகள் வரும். இரண்டு, கழுத்தில் வேகஸ் நரம்பையே வெட்டுவது. குரல், செரிமானம் எல்லாம் அதை நம்பி இருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று, இதயத்தின் மேலே இருக்கும் அந்தக் கடைசி முடிச்சுகளை மட்டும் செயலிழக்கச் செய்வது.

மூன்றாவது வழிதான் கார்டியோ நியூரோ அப்லேஷன். பிரேசிலின் ஜோஸ் கார்லோஸ் பச்சோன் தலைமையிலான குழு 2005இல் இது பற்றி வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறைக்குத் தொடக்கம். இதயத்துக்குள் கதீட்டரை விடலாம் என்பதை ஜெர்மன் டாக்டர் வெர்னர் போர்ஸ்மன் 1929இல் தன் கை ரத்தக்குழாய் வழியாகத் தானே செலுத்திக் காட்டியிருந்தார். நுனியில் ரேடியோ அலைவரிசை மின்சாரம் பாய்ச்சித் திசுவைச் சுடும் அப்லேஷன் கதீட்டர், இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கு ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதே கருவியை நரம்பு முடிச்சுகள் பக்கம் திருப்பினார்கள்.

இங்கே லோவியின் ஆய்வுக்கூடம் கண்முன் வருகிறது. யாருக்கு இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று பார்க்க, முன்கூட்டியே அட்ரோபின் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். துடிப்பு நன்றாக ஏறினால், அவருக்கு பிரேக் பிரச்சினை வேகஸ் வழியாகத்தான் என்று கணிக்கலாம். சிகிச்சையின்போது கழுத்து ரத்தக்குழாய்க்குள் வைத்த கதீட்டரால் வேகஸ் நரம்பைத் தூண்டியும் பார்ப்பதுண்டு. சுடுவதற்கு முன் தூண்டினால் இதயம் சில நொடி நின்றுவிடும். முடிச்சுகள் செயலிழந்த பிறகு தூண்டினால் நிற்காது. நரம்பைத் தூண்டி, இதயம் என்ன செய்கிறது என்று பார்க்கும் அதே பரிசோதனை. ஆள் மட்டும்தான் வேறு.

சுட்ட நரம்பு மறுபடியும் வளராதா? நரம்பின் வால் பகுதி வெட்டுப்பட்டால் வளர வாய்ப்புண்டு. இங்கே சுடுவது செல்லின் உடலையே என்பதால் பலன் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சிலருக்கு ஓரளவு திரும்பி வருவதும் உண்டு.

எல்லோருக்கும் இது தேவையா?

இல்லவே இல்லை. மயங்கி விழுபவர்களில் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது. நிறையத் தண்ணீர், டாக்டர் சொன்னால் உப்பு அளவைக் கூட்டுவது, கண் இருட்டும்போதே படுத்துவிடுவது, கால்களைப் பின்னித் தசையை இறுக்குவது ஆகியவைதான் முதல் சிகிச்சை. இதெல்லாம் செய்தும் அடிக்கடி விழுந்து அடிபடுபவர்கள், அதிலும் மயக்கத்தின்போது இதயம் நிற்பது கருவியில் பதிவானவர்கள் ஆகியோருக்குத்தான் இதைப் பரிசீலிக்கிறார்கள். முன்பெல்லாம் இவர்களில் சிலருக்குப் பேஸ்மேக்கர் வைப்பார்கள். இளம் வயதில் வைத்தால் வாழ்நாள் முழுக்க அதைப் பராமரிக்கணும், மாற்றணும். அதைத் தவிர்க்கலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் ஈர்ப்பு.

இதயம் நிற்காமல், ரத்தக்குழாய் தளர்வதால் மட்டும் மயங்குபவர்களுக்கு முடிச்சுகளைச் சுட்டுப் பயனில்லை. அங்கே பிரச்சினை பிரேக்கில் இல்லையே.

ஆதாரம் எவ்வளவு பக்கா? போலந்தில் 48 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்ற 24 பேரில் 2 பேருக்குத்தான் இரண்டு ஆண்டுகளில் மறுபடியும் மயக்கம் வந்தது. பெறாத 24 பேரில் 13 பேருக்கு வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எண்ணிக்கை சிறிது. தனக்குச் சிகிச்சை நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியும் என்பதால், அந்த நம்பிக்கையே பலனில் ஒரு பங்காக இருக்கலாம் என்ற கேள்வியும் உண்டு.

ஆபத்துகளும் இருக்கின்றன. குழாய் விட்ட இடத்தில் ரத்தக்கசிவு, அரிதாக இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது, பக்கவாதம் ஆகியவை நேரலாம். பிரேக் பலவீனமாவதால், ஓய்வில் இருக்கும்போதும் இதயத் துடிப்பு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: ஓடும்போது, விளையாடும்போது மயங்கி விழுவது, மயக்கத்துக்கு முன் நெஞ்சுவலி அல்லது படபடப்பு, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம். இதில் ஏதாவது இருந்தால், வெறும் மயக்கம்தானே என்று விடாமல் உடனே இதய மருத்துவரைப் பாருங்கள்.

லோவி ஆய்வைத் தொடங்கியபோது மயக்க நோயாளிகளை நினைத்துத் தொடங்கவில்லை. மருந்தே இல்லாமல் நோயாளிகள் சாவதைப் பார்க்க முடியாமல் வார்டை விட்டுப் போனவர் அவர். அவர் காலமாகி 44 ஆண்டுகள் கழித்து, தவளை இதயத்தில் அவர் கண்டுபிடித்த விஷயம் சிகிச்சையாக வார்டுக்குத் திரும்பி வந்தது.